குடோனில் ஆட்கள் நிலைத்து நிற்க: வேலூர்ப் பக்கத்துக் கிடங்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாலாஜாவில் தொடங்கி வாணியம்பாடி வரை, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி எத்தனையோ குடோன்கள். தோல் கெமிக்கல், ஷூ அட்டைப்பெட்டி, சிமெண்ட், அரிசி, டைல்ஸ், ஆன்லைன் பார்சல் என்று உள்ளே இருக்கும் சரக்கு மாறும். நடத்துகிறவர்கள் சொல்லும் குறை மட்டும் மாறாது: "ஆளே நிக்க மாட்டேங்கிறான் சார்."

நிற்காமல் அவர் எங்கே போகிறார்? ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு, கட்டட வேலைக்கு, இல்லையென்றால் அடுத்த குடோனுக்கு. பத்து ரூபாய் கூடக் கிடைத்ததற்காகப் போனார் என்று சொல்லிவிடுவது சுலபம். பல சமயம் அதே கூலிக்குத்தான் போயிருப்பார்.

நல்ல பணிச்சூழல் என்றதும் பலர் பிறந்தநாள் கேக், சுவரில் வாசகம், வருடத்துக்கு ஒருமுறை ஏலகிரி டூர் என்று ஆரம்பிக்கிறார்கள். டூர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வர வேண்டிய இடம் கடைசி. லோடுமேன் தன் கண்ணால் சரிபார்க்க முடிந்ததைத்தான் நம்புவார். கூலி தேதிக்கு வந்ததா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, சூப்பர்வைசர் எப்படிக் கூப்பிடுகிறார், பெட்டி உடைந்தால் யார் தலையில் விழுகிறது: இவைதான் அவருக்குக் கம்பெனியின் கலாச்சாரம். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். கூலி பாக்கி இருக்கும்போது கேக் வெட்டினால், டீக்கடையில் அதுதான் அன்றைய நகைச்சுவை.

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

எதையும் மாற்றாமல், லோடிங் பே (லாரி நின்று சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். முதல் இரண்டு நாள் எல்லாரும் விறைப்பாக இருப்பார்கள். அப்புறம் பழகிவிடும். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். ஆபீஸ்காரர்களுக்குத் தனி டம்ளர், லோடுமேன்களுக்கு வேறு டம்ளர் இருக்கிறதா? டாய்லெட் சாவி யாரிடம் இருக்கிறது? லாரி வந்து எவ்வளவு நேரம் கழித்து இறக்க ஆரம்பிக்கிறார்கள், அந்தத் தாமதத்துக்கு யார் திட்டு வாங்குகிறார்கள்?

அதோடு வருகைப் பதிவேட்டை எடுத்து, கடந்த மூன்று மாதத்தில் நின்றுபோனவர்களின் பெயரை எழுதுங்கள். முடிந்தவரை ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். திரும்பக் கூப்பிடுவதற்காக இல்லை, காரணம் கேட்பதற்காக. வேலையில் இருக்கும்போது சொல்லத் தயங்கியதை, போனபிறகு மனம்விட்டுச் சொல்வார்கள். சேர்ந்த முதல் பத்து நாளில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பதைத் தனியாகக் குறியுங்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் கோளாறு கூலியில் இருக்க வாய்ப்பு குறைவு. கூலி எவ்வளவு என்று தெரிந்துதானே வந்தார்கள்?

படி 2: கூலிக் கணக்கைத் திறந்து வையுங்கள்

இதில் கஞ்சத்தனம் பார்த்தால் மற்ற எந்தப் படியும் வேலை செய்யாது.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்பது சட்டம். நீங்கள் ஒரு தேதியைச் சொல்லி, அந்தத் தேதி ஞாயிறாக இருந்தால் சனிக்கிழமையே போட்டுவிடுங்கள். வாரக்கூலி என்றால் சனிக்கிழமை மாலை, வேலை முடிவதற்கு முன்னால். ஆறு மணிக்கு மேல் காக்க வைத்துக் கொடுக்கும் கூலியில் பாதி மரியாதை கழிந்துவிடுகிறது.

ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வியாபாரத்துக்குப் பயன்படும் குடோன்களுக்கும் பொருந்தும். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதில் உள்ள கணக்கு. நாள்கூலி 600 ரூபாய் என்றால் மணிக்கு 75. இரண்டு மணி நேரம் கூட நின்றவருக்கு 150 கொடுத்து அனுப்புவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. கொடுக்க வேண்டியது 300. இந்தக் கணக்கை நீங்களே தமிழில் ஒரு தாளில் எழுதி, பஞ்ச் மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று ஏத்துக்கூலி, இறக்குக்கூலி கொடுக்கும் இடமாக இருந்தால் அந்த ரேட்டையும் போர்டில் எழுதுங்கள். ரேட் மேஸ்திரியின் வாயில் மட்டும் இருக்கும்வரை சண்டை ஓயாது.

சம்பளச் சீட்டு தமிழில் இருக்கட்டும். என்ன பிடித்தம், ஏன் என்று அதில் தெரிய வேண்டும். 10 பேர் இருந்தால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 20 பேர் இருந்தால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). ஈஎஸ்ஐ-யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. பணம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்த பலருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று தெரியாது. உடம்பு சரியில்லாமல் படுத்தால், தகுதிக்கான நாட்கள் வேலை செய்திருந்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையோடு தொடர்புள்ள பயணம் என்று உறுதியானால், பைக்கில் வரும் வழியில் நடந்த விபத்துக்கும் உண்டு. நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து வேலைக்கு வருகிறவர்கள் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. யாராவது ஒருவரை அரை மணி நேரம் உட்கார வைத்து இதை விளக்கச் சொல்லுங்கள். கார்டையும் கையில் கொடுங்கள்.

காண்டிராக்ட் ஆட்கள்தான் பல குடோன்களில் பாதிக்கு மேல். "அவங்க காண்டிராக்டர் ஆளு" என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. காண்டிராக்டர் கூலி தராவிட்டால் சட்டப்படி கொடுக்க வேண்டிய பொறுப்பு உங்களிடம்தான் வந்து நிற்கும். மாதம் ஒருமுறை காண்டிராக்டரிடம் வங்கிப் பட்டுவாடா விவரத்தைக் கேளுங்கள், அப்புறம் இரண்டு மூன்று பேரிடம் நேரிலும் விசாரியுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு விதி போட்டு எல்லாருக்கும் அதையே பின்பற்றுங்கள். எவ்வளவு வரை, எத்தனை தவணை, யாரிடம் கேட்பது என்பதெல்லாம் எழுதி இருக்கட்டும். முதலாளிக்கு வேண்டியவருக்கு மட்டும் கிடைக்கும் அட்வான்ஸ், கிடைக்காத முப்பது பேரையும் கசப்பாக்கிவிடும்.

படி 3: வெயில், தண்ணீர், எடை

சுற்றிலும் மொட்டை மலை, மேலே தகரக் கூரை. வேலூர் வெயிலைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி தாண்டும் நாட்களில் குடோனின் மேல் ரேக் பக்கம் ஏறிப் பாருங்கள், ஐந்து நிமிடம் நிற்க முடியாது. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உங்கள் குடோனிலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் கனமான லோடுகளைக் காலை 6 மணி முதல் 11 மணிக்குள் முடிக்கிற மாதிரி ஷிப்ட்டை மாற்றலாம். லாரிக்காரர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். இரண்டு வாரம் முன்பே டிரான்ஸ்போர்ட்டுக்குச் சொல்லிவிட்டால் பழகிக்கொள்வார்கள். கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, சூடான காற்றை வெளியே தள்ளும் டர்போ வென்டிலேட்டர், பேயில் பெரிய ஃபேன் ஆகிய மூன்றையும் ஒரே வருடத்தில் போட முடியாவிட்டால் ஃபேனில் ஆரம்பியுங்கள். அதன் பலன் அன்றைக்கே தெரியும்.

தண்ணீரைத் தேடிப்போகும்படி வைக்காதீர்கள். வெயிலில் உழைக்கிறவர் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. கேன் ஆபீஸ் அறையில் இருந்தால் யார் அத்தனை தடவை போவார்கள்? பே பக்கத்திலேயே இருக்கட்டும். பதினோரு மணிக்கு உப்புப் போட்ட நீர்மோர், மூன்று மணிக்குத் தர்பூசணி. ஓஆர்எஸ் பாக்கெட் முதலுதவிப் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே முழு லோடில் போடாதீர்கள். கடும் வெயில் வேலையில் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு தினமும் இன்னொரு பங்கு கூட்டிக்கொண்டே போவது என்பது தொழில் மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் பத்து நாளில் ஓடிப்போகிறவர்கள் என்று மேலே குறித்தீர்களே, அவர்களில் எத்தனை பேர் மே மாதத்தில் சேர்ந்தவர்கள் என்று இப்போது பாருங்கள். யாராவது குழறிப் பேசினால், தடுமாறினால் வேலையை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். இது மேஸ்திரி முதல் செக்யூரிட்டி வரை எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

எடை விஷயம். வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் உச்ச அளவாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரைத்தது 55 கிலோ. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எல்லாம் வசதியாக அமைந்த நிலையில்கூட 23 கிலோதான் பாதுகாப்பு என்கிறது. நம் ஊரில் சும்மாடு வைத்து 75 கிலோ அரிசி மூட்டை தூக்கியதைப் பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் முழங்காலையும் இடுப்பையும் பற்றிக் கேட்டால் கதை வேறாக இருக்கும். 50 கிலோ மூட்டைக்கு இரண்டு பேர், இல்லையென்றால் கை டிராலி. ஹேண்ட் பேலட் டிரக் (சரக்கு அடுக்கிய பலகையைத் தூக்கி இழுக்கும் கைவண்டி) ஒன்று கூடுதலாக வாங்குங்கள், வண்டி ரிப்பேராகிக் கிடந்தால் அன்றைக்கே சரி செய்யுங்கள். உடைந்த டிராலி மூலையில் ஒரு மாதம் கிடப்பதைப் பார்க்கும் லோடுமேனுக்கு அவர் இடுப்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உட்கார இடம் கொடுப்பது தமிழ்நாட்டில் 2021 முதல் சட்டம். பேக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களுக்கு ஸ்டூல், லாரிக்குக் காத்திருப்பவர்களுக்குப் பெஞ்ச். ஃபோர்க்லிப்ட் போகும் வழியை மஞ்சள் கோடு போட்டு ஆள் நடக்கும் வழியிலிருந்து பிரியுங்கள். ஃபோர்க் மேல் ஆளை ஏற்றி மேல் ரேக்குக்கு அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள்.

படி 4: கூப்பிடும் முறை

இருபத்தைந்து வயது சூப்பர்வைசர், ஐம்பது வயது லோடுமேனை "டேய், இங்க வா" என்கிறார். அந்த ஒரு அழைப்பில் போகும் நல்ல பெயரைப் போனஸ் கொடுத்தும் மீட்க முடியாது. விதி எளிது: மூத்தவர் அண்ணா, அக்கா. இளையவர் தம்பி, பாப்பா இல்லையென்றால் பெயர். 'டா', 'டி' யாருக்கும் இல்லை, அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாலும் இல்லை. இதை முதலில் கடைப்பிடிக்க வேண்டியவர் முதலாளி.

வட ஆற்காட்டுக் குடோன் ஒன்றில் காது கொடுத்தால் ஐந்து மொழி கேட்கும். குடியாத்தம் தாண்டிச் சித்தூர் பக்கமிருந்து வருகிறவர் தெலுங்கு, வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரத்துக்காரர் உருது, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இந்தியும் ஒடியாவும், மற்றவர்கள் "இன்னா சார், லோடு எங்க கீது?" என்று நம் தமிழ். வடக்கிலிருந்து வந்தவர்களை ஒரு கும்பலாக ஒரே பட்டப்பெயரில் கூப்பிடுவது பல இடங்களில் சகஜமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது, ஐடி கார்டில் அதைத் தமிழிலும் அவர்கள் படிக்கும் எழுத்திலும் போடுங்கள். "நிறுத்து", "மேலே பார்", "கசிகிறது", "விலகு" போன்ற பாதுகாப்பு வார்த்தைகள் பத்தை எல்லாரும் எல்லா மொழியிலும் கற்றுக்கொள்ளட்டும். படம் போட்ட போர்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சாதி பற்றிப் பேசாமல் இந்தப் படியை முடிக்க முடியாது. ஊர், தெரு, யார் வீட்டுப் பையன் என்று விசாரித்து வேலையைப் பிரிப்பது நடக்கிறது. டாய்லெட் கழுவுவதும் குப்பை அள்ளுவதும் எப்போதும் ஒரே இரண்டு பேருக்கு விழுகிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்ய என்றே சேர்ந்த ஆள் இல்லாத இடத்தில், முறை வைத்து எல்லாருக்கும் போடுங்கள், அந்தப் பட்டியலில் சூப்பர்வைசர் பெயரும் இருக்கட்டும். டம்ளர் எல்லாருக்கும் ஒரே மாதிரி. இதில் விட்டுக்கொடுத்துப் போகாதீர்கள்.

தினமும் காலை பத்து நிமிடம் எல்லாரும் நின்று பேசுங்கள். இன்று என்ன லோடு, எத்தனை வண்டி, எந்த இடம் வழுக்குகிறது, யார் லீவு. கடைசி மூன்று நிமிடம் அவர்கள் பேச வேண்டும். முதல் மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "கேள்வி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் மௌனம்தான் பதில். "அண்ணா, நேத்து மூணாவது பேல வண்டி ஏன் லேட்டு?" என்று ஒருவரை நேராகக் கேளுங்கள்.

படி 5: தப்பு நடக்கும்போது

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பரீட்சை இங்கேதான்.

தோல் கெமிக்கல் குடோனை எடுத்துக்கொள்ளுங்கள். தோலிலிருந்து முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடு மூட்டை ஒரு பக்கம், ஃபார்மிக் அமிலக் கேன் இன்னொரு பக்கம். இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அது ஆளைக் கொல்லும். இப்போது ஒருவர் கை தவறி மூட்டையைக் கிழித்துவிடுகிறார். உடைந்த பொருளுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். என்ன செய்வார்? கிழிந்த பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். அந்தப் பிடித்தத்தில் நீங்கள் மிச்சப்படுத்தியது சில நூறு ரூபாய்.

ஆகவே உடைந்ததை மறைக்காமல் சொன்னவருக்குப் பிடித்தம் கிடையாது என்று அறிவியுங்கள், முதல் சம்பவத்திலேயே அதைக் காப்பாற்றுங்கள். நாற்பது பேரும் அந்த முதல் சம்பவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விசாரிக்கும்போது வரிசை இதுதான்: யாருக்காவது அடிபட்டதா, இடம் இப்போது பாதுகாப்பா, என்ன நடந்தது, அந்த இடத்தில் எது அப்படி நடக்க விட்டது. "யார் செய்தது" என்ற கேள்வி பெரும்பாலும் தேவையே படாது. வெளிச்சம் போதவில்லை, பேலட் பலகை உடைந்திருந்தது, லாரிக்காரர் அவசரப்படுத்தினார் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும், அதைச் சரி செய்யலாம்.

விபத்து ஆகாமல் தப்பியதையும் எழுத ஒரு நோட்டு வையுங்கள். பெட்டி விழுந்தது, யார் மேலும் படவில்லை என்பதும் அதில் வர வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், வேறொருவர் எழுதட்டும். ஒவ்வொரு வாரமும் அதில் ஒன்றையாவது சரி செய்து, சரி செய்ததைக் காலைக் கூட்டத்தில் சொல்லுங்கள். சொல்லியும் ஒன்றும் நடக்காவிட்டால் மூன்றாவது வாரம் நோட்டு காலியாக இருக்கும்.

திருட்டும், குடித்துவிட்டு ஃபோர்க்லிப்ட் ஓட்டுவதும் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்குத் தெளிவான விதி, எழுத்தில், எல்லாருக்கும் ஒன்றாக. ஸ்டாக் குறைந்தால் உடனே லோடுமேன் பையைச் சோதிப்பதற்கு முன் பில், டிசி (டெலிவரி சலான்), கணினி எண்ணிக்கை மூன்றையும் ஒத்துப் பாருங்கள். பல சமயம் குறைவு தாளில்தான் இருக்கும்.

படி 6: சூப்பர்வைசர்கள்

தளத்தில் வேலை செய்து வந்தவரை முடிந்தவரை சூப்பர்வைசர் ஆக்குங்கள். ஆனால் அதிக மூட்டை தூக்குகிறவர் என்பதற்காக வேண்டாம். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் யார் என்று முதல் வாரத்தில் பார்த்திருப்பீர்கள், அவர்தான். அவரை டிஸ்பேட்ச் எண்ணிக்கையை மட்டும் வைத்து எடை போட்டால் அவர் கத்தத்தான் செய்வார். அவரிடம் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 7: பெண்கள்

ஷூ கம்பெனிகள் பஸ் அனுப்பிக் கிராமம் கிராமமாகப் பெண்களை அழைத்துப் போகிற பகுதி இது. பேக்கிங்குக்குப் பெண்கள் வர வேண்டும் என்றால் அந்தப் பஸ்ஸோடு போட்டி போடுகிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள். வேன், நேரத்துக்கு விடுவது, உள்தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கும் தனி டாய்லெட், நாப்கின் போடக் கூடை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 2013-ம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு பைலில் மட்டும் இருந்தால் பயனில்லை. உறுப்பினர் பெயரும் போன் நம்பரும் பெண்கள் டாய்லெட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கட்டும், அங்கே நின்று படிப்பதை வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

படி 8: திருவிழாக் காலண்டர்

தை பிறந்ததும் மாடு விடும் விழா சீசன். அணைக்கட்டு பக்கத்து ஆட்கள் அன்றைக்கு வேலைக்கு வருவார்கள் என்று நம்பி லாரி புக் செய்தால் தப்பு உங்களுடையது. வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடிக்கிருத்திகைக்கு ரத்தினகிரியும் வள்ளிமலையும், மாசியில் மயானக் கொள்ளை. ரம்ஜான் மாதத்தில் நோன்பு இருப்பவர்களைக் காலை ஷிப்ட்டுக்கு மாற்றி, நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்கும்படி விடுங்கள். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி முடிந்து ஆறாவது நாள் சட் பூஜை. காட்பாடியிலிருந்து ரயிலில் போய்வரவே நாட்கள் ஆகும், எனவே இரண்டு வாரம் கேட்பார்கள்.

ஜனவரியிலேயே எல்லாரையும் வைத்து இந்தக் காலண்டரைப் போடுங்கள். ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். ரம்ஜானுக்குப் பாய் லீவு எடுத்தால் இவர் பார்த்துக்கொள்வார், பொங்கலுக்கு அவர் வந்து நிற்பார். சொல்லாமல் எடுக்கும் லீவு இதில்தான் குறையும். 8.33 சதவீதக் குறைந்தபட்சப் போனஸ் உங்களுக்குப் பொருந்துமானால், தீபாவளிக்கு முந்தின நாள் வரை இழுக்காமல் இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். துணி எடுக்க நேரம் வேண்டாமா? ஏலகிரி டூரும் கேக்கும் இங்கே வரலாம்.

படி 9: எண்ணிப் பார்ப்பது

பெரிய சர்வே தேவையில்லை. நாலு எண் போதும்: சேர்ந்தவர்களில் 90 நாள் தாண்டியவர் எத்தனை, சொல்லாமல் லீவு எடுத்த நாட்கள் எத்தனை, லாரி வந்து வெளியேற எவ்வளவு நேரம், தப்பிய விபத்து நோட்டில் எத்தனை பதிவு. கடைசி எண் முதல் சில மாதங்களில் ஏறினால் பயப்படாதீர்கள். முன்பும் நடந்ததுதான், இப்போது சொல்கிறார்கள். மாறாக அது திடீரென்று பூஜ்யம் ஆனால் எந்த சூப்பர்வைசர் மாறினார் என்று பாருங்கள்.

தீபாவளி நெருக்கத்தில், லோடு இரண்டு மடங்கு ஆகும் வாரங்களில், இவை எல்லாம் கழன்று விழப் பார்க்கும். காலைக் கூட்டம் ரத்தாகும், தண்ணீர் கேன் காலியாகக் கிடக்கும், 'டேய்' திரும்ப வரும். அந்த வாரங்களுக்கு முன்கூட்டியே கூடுதல் ஆட்களைப் பிடித்து வையுங்கள், அவர்களுக்கும் முதல் நாளிலிருந்து அதே சீட்டு, அதே டம்ளர். காலைக் கூட்டத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம், விட்டுவிட வேண்டாம். சீசன் முடிந்த முதல் திங்கட்கிழமை நாலு எண்களையும் டீ குடிக்கும் இடத்துப் போர்டில் எழுதி, என்ன கெட்டுப்போனது என்று அவர்களிடமே கேட்டு, படி 1-லிருந்து மறுபடி பாருங்கள்.